முற்றத்தில் ஒரு நிழல்: கினிப்பன்றிக்கு வெளிக்கூடும் ஓடியாட இடமும்

கினிப்பன்றி வாங்கப்போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி போதும். கூடு வைக்க நினைக்கும் இடத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதைக் கட்டுங்கள். காலை எட்டு, பகல் பதினொன்று, இரண்டு, மாலை நான்கு என்று நான்கு வேளையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கூட்டை எங்கே வைப்பது, எப்போது வெளியே விடுவது, எப்போது உள்ளே எடுப்பது எல்லாவற்றையும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

கினிப்பன்றியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. அதற்கு வியர்க்காது. நாயைப்போல நாக்கை நீட்டி மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் தெரியாது. 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும். 28-ஐத் தாண்டினால் வாடத் தொடங்கும். அதற்கும் மேலே போய், காற்றும் ஓடாத இடமாக இருந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். நம் கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வேலூர்க்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். ஆண்டில் பெரும்பகுதி காலையும் மாலையும் நம் முற்றம் இந்தப் பிராணிக்கு ஏற்றதாகவே இருக்கிறது. ஆனால் மார்ச் பிற்பாதி முதல் மே முடிய நடுப்பகலை அப்படி நம்ப முடியாது.

என் முதல் ஜோடியில் ஒன்று ஏப்ரல் மாத நடுப்பகலில் தகரக் கூரையின் கீழே இறந்துபோனது. கூட்டில் தண்ணீர் இருந்தது. நிழலும் இருந்தது. அந்த நிழலைத் தந்த தகரமே அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தத் தவறை இன்னொருவர் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயத்தில் கூண்டைவிட நிழலைப்பற்றி அதிகம் பேசுகிறேன்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு

ஆண்டு முழுக்க, இரவும் பகலும் வெளியிலேயே வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் ஊரில் வேண்டாம். பகலில் வெளியே, இரவில் வீட்டுக்குள் என்பதுதான் நான் சொல்லும் முறை. தெருநாய், பூனை, பெருச்சாளி, பாம்பு எல்லாம் இருட்டியபின் நடமாடுகிற ஊர் இது. டிசம்பர், ஜனவரி விடியற்காலைக் குளிரும் சேர்ந்துகொள்ளும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவில் ஈரக்காற்றுப் பட்டால் சளி பிடித்து நுரையீரல்வரை போய்விடும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று கூடு: படுக்க, ஒளிய, இரவைக் கழிக்க. இது தாழ்வாரத்திலோ வீட்டுக்குள்ளோ இருக்கும். மற்றது ஓட்டக் கூண்டு: அடித்தளம் இல்லாத, மேலே மூடிய கம்பிவலைப் பெட்டி. பகலில் முற்றத்தில் வைத்து, நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது உள்ளே விடுவதற்கு.

இன்னொரு முடிவும் இப்போதே எடுக்க வேண்டும். கினிப்பன்றி தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், எனவே இரண்டாவது வேண்டும். இரண்டு பெட்டைகள் நல்லது. சேர்ந்தே வளர்ந்த இரண்டு ஆண்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆணும் பெண்ணும் வேண்டாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள்தான், ஓராண்டுக்குள் உங்கள் கூடு நிரம்பி வழியும். கடையில் "இரண்டும் பெட்டை" என்று சொல்லிக் கொடுத்தாலும், தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பது

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்பீஸோடு இறங்குங்கள். வெப்பமானி பார்க்கும் அதே நான்கு வேளையும் நிழல் விழும் எல்லையைத் தரையில் கோடு போட்டுக் குறியுங்கள்.

2. நான்கு கோட்டுக்கும் பொதுவாக நிழலில் இருக்கும் பகுதி எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் இடம். பல வீடுகளில் அது ஒரு பாய் விரிக்கும் அகலம்தான் இருக்கும்.

3. ஜனவரியில் போட்ட கோட்டை ஏப்ரலில் நம்பாதீர்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதன் நிழல் சுவரடியிலேயே சுருங்கிவிடும். மர நிழலும் கூரை நிழலும்தான் அந்த நாள்களில் நிழல். வேம்போ புங்கமோ இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

4. மழை பெய்து ஓய்ந்தபின் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கிற இடம் உதவாது. ஈரத் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும்.

5. சாக்கடை, குப்பை சேரும் மூலை, விறகு அடுக்கிய இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளியே வையுங்கள். விறகுக் குவியலில் எலி இருக்கும், எலியைத் தேடிச் சாரை வரும்.

6. கடைசியாக, அந்த இடம் சமையலறை ஜன்னலிலிருந்தோ வாசற்படியிலிருந்தோ தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் வைத்த பிராணியை மறந்துவிடுவோம். இது அன்பு குறைவதால் வருவதில்லை; அடுப்பில் பால் இருக்கும்போது யாருக்கும் நேர்வதுதான்.

லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு

சுரங்கக் குடியிருப்பின் லைன் வீடுகளில் முற்றம் என்று பெரிதாக இருக்காது. வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம், ஒரு தட்டி மறைப்பு, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், அவ்வளவுதான். அது குறையில்லை. ஆறடிக்கு நான்கடி கிடைத்தால் இரண்டு கினிப்பன்றிகள் ஓடியாடப் போதும். இவை மரமேறும் பிராணிகள் அல்ல, தாவிக் குதிப்பவையும் அல்ல. அடுக்கடுக்காக மாடி வைத்துக் கட்டிய கூண்டால் இவற்றுக்கு ஒரு பயனும் இல்லை. தரையின் நீள அகலம்தான் கணக்கு.

சிக்கல் கூரையில் இருக்கிறது. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட சாய்ப்பின் கீழே வைப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்:

1. ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ கட்டுங்கள். இடைவெளி முக்கியம். ஷீட்டோடு ஒட்டிக் கட்டினால் சூடு அப்படியே இறங்கும்.

2. அந்த இடைவெளியின் இரண்டு முனைகளையும் அடைக்காமல் விடுங்கள்.

3. ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரைந்துபோகும்; ஒவ்வொரு மார்ச்சிலும் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

4. வெப்பமானியைத் தட்டிக்குக் கீழே மாட்டி மூன்று நாள் பாருங்கள். பகல் இரண்டு மணிக்கு 28-க்கு மேல் காட்டினால் அந்த நேரத்துக்குப் பிராணி வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது.

நான் முதலில் அடித்த கூட்டுக்கு மூன்று பக்கமும் பலகை, முன்னால் மட்டும் வலை. எங்கள் லைனில் முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார்.

"இதென்னம்மா, காத்து உள்ள வருது சரி, போறதுக்கு வழி எங்க? ஷாஃப்ட்ல கூட ஒரு பக்கம் இறங்கும், இன்னொரு பக்கம் ஏறும்."

"பின்னாடியும் வலை அடிச்சா குளிருமே தாத்தா?"

"முழுசா எதுக்கு? மேல நாலு விரக்கடை திறந்து விடு, போதும்."

நம் ஊர்ச் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். அங்கே மனிதர்கள் வேலை பார்த்தது காற்றை நடத்தத் தெரிந்ததால்தான். அவர் சொன்னபடி பின்பலகையின் மேல் ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெட்டி வலை அடித்தேன். முன்பக்கம் தாழ்வாக நுழையும் குளிர்ந்த காற்று சூடாகி, பின்பக்கம் உயரத்தில் வெளியேறியது. அதே இடத்தில், அதே நேரத்தில் வெப்பமானி இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். உங்கள் கூட்டிலும் கட்டாயம் இப்படி ஒரு திறப்பு இருக்கட்டும்.

கூடு: அளவும் பொருளும்

இரண்டு கினிப்பன்றிகளுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் குறைந்தபட்சம். ஐந்துக்கு இரண்டரை என்றால் நன்றாக ஓடும். உயரம் ஒன்றரை அடி போதும். கடைகளில் தொங்கும் இரண்டடிக் கூண்டு ஊருக்குக் கொண்டுவருவதற்கு மட்டும்தான் ஆகும்.

தரை பலகையாக இருக்கட்டும். கம்பித் தரை வேண்டவே வேண்டாம். சாணி கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம் என்று ஆசை காட்டுவார்கள். கினிப்பன்றியின் பாதத்தில் ரோமம் இல்லை. கம்பியில் நின்று நின்று உள்ளங்கால் சிவந்து, வீங்கி, சீழ்வைக்கும். ஆற மாதக்கணக்காகும், சிலவற்றுக்கு ஆறுவதே இல்லை.

நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது தைல மரம். நன்றாகக் காய்ந்த தைலக் கம்பைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் மரத்தூளைப் படுக்கையாகப் போடாதீர்கள், வாசனை நெடி மூச்சுக்குழாயை அரிக்கும். உள்பக்கம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. எதைப் பார்த்தாலும் கடித்துப் பார்க்கும் பிராணி இது. பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்காமல் இருக்கவும் முடியாது.

படுக்கைக்கு ராகி வைக்கோல் நல்லது. கோலார் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பூஞ்சை வாடை அடிக்காததாக, கையில் எடுத்து உதறினால் தூசி பறக்காததாகப் பார்த்து வாங்குங்கள். கீழே நான்கு தாள் செய்தித்தாள், மேலே மூன்று விரல் கனத்துக்கு வைக்கோல். கோணிச்சாக்கு போடுவதாக இருந்தால் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்த சணல் இழை காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும்.

கூட்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, கல்லின்மேல் அல்லது நான்கு காலில் நிறுத்துங்கள். காலுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. பாட்டிமார் பலகாரப் பெட்டிக்குச் செய்ததுதான். எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டுவிடாதீர்கள், அது பூச்சிமருந்து.

திசை

ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருகிறது. அதனால் அடைத்த முதுகு மேற்கே, வலை போட்ட முகம் கிழக்கே இருக்கட்டும். காலை இளவெயிலும் உள்ளே விழும். அக்டோபர், நவம்பருக்கு முன்பக்கம் சுருட்டி ஏற்றக்கூடிய தார்ப்பாய்த் திரை ஒன்று தைத்து மாட்டுங்கள். மழை நின்றதும் சுருட்டிவிடுங்கள், மூடியே வைத்தால் உள்ளே புழுங்கும்.

சயனைடு மேட்டுப் பக்கம் வீடு இருந்தால்

இது வேறு எந்த ஊர் வளர்ப்பு நூலிலும் இருக்காது, நமக்கு மட்டும் தேவைப்படுவது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும்வரை, பாறையை மாவாக அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் அந்த மேடுகள். அந்தத் தூள் மிக நைசானது. காற்றுக்காலத்தில் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தின்மேல் படிகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நம் நெஞ்சுக்கே ஆகாத தூசி, தரையோடு மூக்கை வைத்து வாழும் பிராணிக்கு எப்படி ஆகும்?

அ. மேட்டடியிலும் அங்கிருந்து ஓடிவரும் ஓடைக் கரையிலும் முளைத்த புல்லை அறுத்துப் போடாதீர்கள். எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். அரைப்பில் வந்த ரசாயனமும் பாறையிலிருந்த உலோகமும் அந்த மண்ணில் தங்கியிருக்கலாம்.

ஆ. அந்த மணலை அள்ளிவந்து ஓட்டக் கூண்டின் தரையில் நிரப்பக் கூடாது. பார்க்கப் பூப்போல மென்மையாக இருக்கும், ஏமாறாதீர்கள்.

இ. ஜூன், ஜூலையில் தினமும் காலை ஒரு வெள்ளைத் துணியால் கூண்டின் மேல்சட்டத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டினால் அன்று வெளியே விட வேண்டாம். வீட்டுக்குள் கூடத்தில் ஓடட்டும்.

ஈ. மேற்குப் பக்கம் ஈரக் கோணித்திரை தொங்கவிட்டால் தூசியைப் பிடிக்கும், குளிர்ச்சியும் தரும்.

உ. தொடர்ந்து தும்மல், கண்ணோரம் பீளை, மூச்சில் கரகரப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஓட்டக் கூண்டு செய்யும் முறை

எட்டடி நீளம், நான்கடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்ற அளவுக்குச் சொல்கிறேன். இடம் குறைவு என்றால் ஆறுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை: ஒன்றரை அங்குல ரீப்பர் சுமார் 105 அடி, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், நான்கடி அகலத்தில் 8 அடியும் மூன்றடி அகலத்தில் 22 அடியும், யு ஆணி, நான்கு கீல், இரண்டு தாழ்ப்பாள், இரண்டு சிறு பூட்டு.

1. எட்டுக்கு ஒன்றரை அளவில் இரண்டு சட்டம் அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. நான்குக்கு ஒன்றரை அளவில் இரண்டு சட்டம். மூடிக்கு நான்குக்கு நான்கு அளவில் இரண்டு.

2. மூன்றடி அகல வலையில் 12 அடி வெட்டி, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நான்கு பக்கத்துக்கும் சரியாக வரும்.

3. வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக யு ஆணி அடியுங்கள். உள்பக்கம் அடித்தால் நாய் முட்டும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். வெளிப்பக்கம் அடித்தால் முட்ட முட்ட வலை சட்டத்தோடு இறுகும்.

4. வெட்டிய கம்பி முனைகளை அரத்தால் ராவி, மேலே மெல்லிய பட்டையை வைத்து மூடுங்கள். இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், கண் குத்தப்படுவது இங்கேதான்.

5. நான்கு சட்டத்தையும் சேர்த்துப் பெட்டியாக்குங்கள். நீளத்தின் நடுவில் மேலே ஒரு குறுக்குக் கட்டை போட்டு, இரண்டு மூடிகளையும் அதில் கீல் வைத்துப் பொருத்துங்கள். அவற்றின்மேல் நான்கடி வலை.

6. மீதி 10 அடி வலையில் 8 அடியை மூன்றாகப் பிளந்தால் ஓரடி அகலப் பட்டை மூன்று கிடைக்கும், சுற்றுக்கு அது போதும். கடைசி இரண்டடியில் மூலைக்கு நான்கு சதுரம் வெட்டலாம். இதை அடிச்சட்டத்தோடு கட்டி, பாவாடைபோல வெளிப்பக்கம் தரையில் படுக்கவைத்து, மேலே தட்டைக் கற்களை வரிசையாக வையுங்கள். நாயும் பெருச்சாளியும் சுவரடியிலேயே தோண்டும். ஓரடி தள்ளி வந்து தோண்ட அவற்றுக்குத் தோன்றாது.

7. மூடிக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதாது, பூட்டும் போடுங்கள். குரங்கு தாழ்ப்பாளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

கவனிக்க: கடையில் 'கோழிவலை' என்று தரும் அறுகோணக் கண் வலை மலிவு. அதை நாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலத்தைவிடப் பெரிய கண்ணும் வேண்டாம், குட்டி நழுவிவிடும், எலி நுழைந்துவிடும்.

மேல்மூடி இல்லாமல் நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி விடுகிறவர்கள் உண்டு. பருந்தும் வல்லூறும் நம் வானத்தில் எப்போதும் இருக்கின்றன. காக்கைகூடக் குட்டியைத் தூக்கும். பூனைக்குச் செங்கல் சுவர் ஒரு தாவல்.

உள்ளே என்ன வைப்பது

வெட்டவெளியாக எட்டடி கொடுத்தால் அவை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், ஓடாது. ஓட வேண்டுமானால் ஒளிய இடம் வேண்டும். பிராணியின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மறைவிடம் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் இருந்தால் பலமானது உட்கார்ந்துகொண்டு மற்றதை உள்ளே மாட்டவிடும்.

ஓரம் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து, வாயை ராவிவிட்டால் அருமையான குகை. வெளிப்புறம் தண்ணீர் தெளித்தால் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு, இருபுறமும் வெட்டிய அட்டைப்பெட்டி எல்லாம் உதவும். ஒரு கடப்பாக்கல் துண்டை நிழலில் போட்டுவையுங்கள், வெயில் காலத்தில் அதன்மேல் வயிற்றை விரித்துப் படுப்பதைப் பார்ப்பீர்கள். தண்ணீருக்குக் கவிழாத கனமான மண்சட்டி ஒன்று, புட்டி ஒன்று, இரண்டையும் நிழலில் வையுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் உப்பும் ஃப்ளோரைடும் அதிகம். நீங்கள் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதையே கொடுங்கள்.

வெள்ளெலிக்கு விற்கும் சுழல் சக்கரமும் பிளாஸ்டிக் உருண்டையும் இவற்றுக்கு வேண்டாம். முதுகெலும்பு வளைந்து அடிபடும். கழுத்துவார், மார்புப்பட்டை கட்டி நடத்துவதும் அப்படித்தான்.

முதல் பத்து நாள்

முதல் மூன்று நாள் வெளியே விடாதீர்கள். வீட்டுக்குள் கூட்டிலேயே இருக்கட்டும், உங்கள் குரல் பழகட்டும்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, வயிறு நிறையக் காய்ந்த புல் தின்றபின், ஓட்டக் கூண்டில் பத்து நிமிடம் விடுங்கள். ஐந்தாம், ஆறாம் நாளும் அப்படியே. ஏழாம் நாளிலிருந்து தினம் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டு முதல் நாளே பசும்புல்லில் ஒரு மணி நேரம் விட்டால் வயிறு உப்பிவிடும், அது உயிருக்கே ஆபத்து.

பழகியபின் காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஆறரை என்பது நல்ல நேரம். டிசம்பர், ஜனவரியில் காலை எட்டுக்குமேல் தொடங்கலாம். திடீரென்று நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளிக் குதித்தால் பயப்படாதீர்கள். வலிப்பு இல்லை, சந்தோஷம்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, மறு கை பின்புறத்துக்குக் கீழே. குழந்தைகள் தரையில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொள்ளட்டும். நின்றபடி தூக்கிக் கைநழுவி விழுந்தால் கால் முறியும்.

எந்தத் தழை, எது நஞ்சு

அருகம்புல், கொத்தமல்லி, முருங்கைக்கீரை கொஞ்சம், மல்பெரி இலை எல்லாம் தரலாம். மல்பெரி இலையைப் பட்டுப்பூச்சி வளர்க்கும் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கினால், அண்மையில் மருந்து அடித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் சி-யை இந்த உடம்பு தானாகத் தயாரிக்காது. ஆகவே தினமும் ஒரு துண்டு கொய்யாவோ குடைமிளகாயோ கட்டாயம். சொட்டுமருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பது பலன் தராது, வெளிச்சத்தில் சத்து அழிந்துபோகும்.

தக்காளி நம் மாவட்டத்தின் பயிர், செடியும் சும்மா கிடைக்கும். பழுத்த பழத்தில் ஒரு சிறு துண்டு தரலாம். இலையும் தண்டும் காயும் நஞ்சு. உருளைக்கிழங்குச் செடியும் அப்படியே. ஓட்டக் கூண்டு வைக்கும் இடத்தில் பார்த்தீனியம், உன்னிச்செடி, அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இளஞ்சோளப் பயிரும் வேண்டாம், மாட்டுக்கே ஆகாதது என்று விவசாயிகளுக்குத் தெரியும். அறுத்துக் குவித்துச் சூடேறிய புல்லும் வேண்டாம்.

சூடு தாக்கினால்

அறிகுறி: நீட்டிப் படுத்துக்கிடக்கும், மூச்சு வேகமாக இருக்கும், வாயோரம் எச்சில் வழியும், எழுப்பினால் தள்ளாடும்.

1. உடனே வீட்டுக்குள் குளிர்ந்த தரைக்குக் கொண்டுபோங்கள்.

2. குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதங்களையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, வாளியில் முக்கக் கூடாது.

3. நனைத்துப் பிழிந்த துணியின்மேல் படுக்கவைத்து, மின்விசிறியை மெதுவாகப் போடுங்கள்.

4. நினைவோடு இருந்தால் மட்டும் வாயோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஊற்றினால் மூச்சில் ஏறும்.

5. தெளிந்து எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடு, ஆடு பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிராணி பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன்பே, பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்களுக்குத் தெரிந்த மருத்துவருக்கோ போன் செய்து, கினிப்பன்றி பார்ப்பார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் பயணம். மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயில்தான் சரி, வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். கூடையில் காய்ந்த புல்லும் ஒரு வெள்ளரித் துண்டும் வையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் எதையும் கொடுத்துவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நோயைவிட மருந்தே கொன்றுவிடும்.

தினசரி வேலை

காலையில் ஈர வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். வாரம் ஒருமுறை கூட்டை முழுவதும் காலி செய்து வெந்நீரும் வினிகரும் கொண்டு கழுவி வெயிலில் காயவையுங்கள். பினாயில் ஊற்றாதீர்கள், நெடி இறங்கவே இறங்காது. பக்கத்தில் கொசுவத்தியும் ரசகற்பூர உருண்டையும் வேண்டாம். மழைக்காலத்தில் தினமும் பின்பக்க ரோமத்தை விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும், ஒரே நாளில் சதைக்குள் போய்விடும். சொறி, பேன் தெரிந்தால் நாய்க்குப் போடும் பவுடரைத் தூவ வேண்டாம், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாலை ஆறரைக்குள் உள்ளே எடுங்கள். தீபாவளி வாரத்தில் நான்கு மணிக்கே எடுத்துவிடுங்கள். தின்றது போக மிஞ்சிய தழை, சிந்திய தானியம் எல்லாவற்றையும் பெருக்கி அள்ளுங்கள். இரவில் எலி வராது, எலியைத் தேடிப் பாம்பும் வராது. ஓட்டக் கூண்டைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். கவிழ்த்த பானையை நிமிர்த்துவதற்கு முன் உள்ளே கைவிடாமல், தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்த்துங்கள். பிறகு கூட்டுக் கதவை மூடுமுன் ஒருமுறை எண்ணுங்கள்: இரண்டும் உள்ளே இருக்கின்றனவா, இரண்டும் தின்கின்றனவா, இரண்டும் சாணி போட்டிருக்கின்றனவா. தின்னாமல் பன்னிரண்டு மணி நேரம் போனால் மறுநாள் காலை ரயிலுக்குக் கூடையைத் தயார் செய்யுங்கள்.